அச்சம் எதில் இருக்கிறது? – திகில் விளையாட்டுகளின் வகைப்பாடு பற்றி ஓர் ஆய்வு

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயரின் எல்லையை வரையறுத்தலே அரிது. எல்லை வகுக்கப்படாத பெயர் வேலியில்லாத தோட்டத்தை ஒக்கும். உரியதும் அதனுள் வளரும். உரிமையற்றதும் அதனுள் புகுந்து மேயும். இற்றை நாளில் நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் ‘ஹாரர் கேம்’ என்னும் பெயர் இத்தகையதே.

சில திங்களுக்கு முன்னர், முன்னாளில் நம்மிடம் பாடம் கேட்ட ஒருவர், இன்று பதினொரு வயதுச் சிறுவனுக்குத் தந்தை, ஒரு மாலைப் பொழுதில் நம் இல்லம் வந்தார். “ஹஜ்ரத், பேய் வரும் விளையாட்டு எதையும் மகன் தொடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன். பேயே இல்லாத ஒன்றை நானே பார்த்து அனுமதித்தேன். மூன்று இரவுகளாக விளக்கை அணைக்க விட மாட்டேன் என்கிறான். பேய் வருகிற விளையாட்டை ஆடும் பக்கத்து வீட்டுப் பையனோ நன்றாகத் தூங்குகிறான். இது எப்படி?” என்று வினவினார்.

நாம் உடனே விடை கூறவில்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றிய வினாவாகத் தோன்றிய அது, ஆழ்ந்து நோக்கின் இலக்கணம் பற்றிய வினாவாக இருந்தது. அவர் அச்சத்தைத் தேடிய இடம் ஒன்று. அது குடியிருந்த இடம் வேறொன்று. அவ்விடம் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஈண்டுக் கூறப்படும் விளையாட்டுகளுள் சிலவற்றை நாமே ஆடிப் பார்த்தோம். பலவற்றை இளைஞர்கள் ஆட அருகிருந்து கண்டோம்.

பொதுவாக இவ்விளையாட்டுகளைப் பிரிப்போர் அவற்றில் வரும் உருவத்தைக் கொண்டே பிரிக்கின்றனர். நடைபிணம் வந்தால் ஒரு வகை. ஆவி வந்தால் ஒரு வகை. வேற்றுக்கோள் உயிர் வந்தால் ஒரு வகை. கொலைஞன் வந்தால் பிறிதொரு வகை. இம்முறை இகழத்தக்கதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறினார். அஃதாவது, அஞ்சப்படும் பொருளைக் கொண்டு அச்சத்தை வகுத்தார். கூத்தினைக் காண்போனுக்கும் செய்யுளைக் கேட்போனுக்கும் அவ்வகுப்பு நன்கு பொருந்தும். ஏனெனில் அவன் அமர்ந்திருப்பவன். அஞ்சுபவன் மேடையில் நிற்பவன். விளையாட்டிலோ காண்போனே அஞ்சுவோன், அவனே ஓடுவோன், அவனே கதவைத் திறப்போன். அவன் திறவாது நின்றால் கதை ஓரடியும் நகராது. ஆகவே, அஞ்சப்படுவது யாது என்னும் பழைய வினாவோடு, அஞ்சுவோன் எந்நிலையில் நிறுத்தப்பட்டுள்ளான் என்னும் புதிய வினாவும் இங்கே எழுகின்றது.

உருவத்தைக் கொண்டு வகுப்பதன் குறையை இரண்டு எடுத்துக்காட்டுகளால் காட்டலாம். 1980-ஆம் ஆண்டில் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பேக்-மேன்’ விளையாட்டில் நான்கு பேய்கள் ஆட்டக்காரனை ஓயாது துரத்துகின்றன. அதனைத் திகில் விளையாட்டு என்பார் ஒருவருமிலர். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டில் நரகத்துப் பூதங்கள் திரள் திரளாக வருகின்றன. அதனை ஆடுவோர் அஞ்சும் நேரத்தினும் சுடும் நேரமே மிகுதி. உருவமே இலக்கணம் என்றால் இவ்விரண்டும் திகில் விளையாட்டுகளின் முன்வரிசையில் அமர்ந்துவிடும். பேயும் பூதமும் தோன்றாமலே நெஞ்சை நடுக்குவன வெளியே நின்றுவிடும். நன்னூலார் கூறிய மிகைபடக் கூறல், குன்றக் கூறல் ஆகிய இரு குற்றங்களும் ஒருங்கே நேரும்.

மத்ரஸாவில் தர்க்கத்தின் தொடக்க நூலாகிய ‘ஈஸாகூஜீ’யை ஓதியோர் ஒன்றறிவர். வரையறை என்பது ‘ஜாமிஃ’ ஆகவும் ‘மானிஃ’ ஆகவும் இருத்தல் வேண்டும். தனக்குரிய அனைத்தையும் உள்ளடக்க வேண்டும், உரியதல்லாத அனைத்தையும் விலக்க வேண்டும். அதற்கு முதற்கண் ‘ஜின்ஸ்’ எனப்படும் பேரினத்தைக் காண்க. அதன்பின் ‘ஃபஸ்ல்’ எனப்படும் பிரிக்கும் பண்பினைக் காண்க என்பர். அவ்வழியே நாமும் செல்வோம்.

முதலில் பேரினம். பேக்-மேனில் பேய் துரத்தியும் திகில் பிறவாமைக்குக் காரணம் யாது? அங்கே ஆட்டக்காரன் பாதைகள் முழுவதையும் ஒரே பார்வையில் காண்கின்றான். நான்கு பேய்களும் எங்கெங்கே நிற்கின்றன என்பதை அறிவான். அவனுக்கு மறைக்கப்பட்டது ஒன்றுமில்லை. டூமில் மறைவிடங்கள் உண்டு. எனினும் மறைவிலிருந்து எது பாய்ந்தாலும் அதனை வீழ்த்தும் விரைவும் படைக்கலமும் அவனிடம் உள்ளன. ஆதலின் அறியாமை அவனுக்குப் பேரிடர் ஆவதில்லை. திகில் விளையாட்டிலோ அறியாமையே இடர். 1999-ஆம் ஆண்டில் கோனாமி நிறுவனம் வெளியிட்ட ‘சைலண்ட் ஹில்’லைக் காண்க. காணாமற்போன மகளைத் தேடும் தந்தை ஒருவன் பனி மூடிய ஊரில் அலைகின்றான். அக்காலத்துப் பிளேஸ்டேஷன் கருவிக்குத் தொலைவிலுள்ளவற்றையெல்லாம் வரைந்து காட்டும் ஆற்றல் இல்லை. அக்குறையை மறைக்கப் பனிமூட்டம் துணை செய்தது. மறைத்த பனியே சுவையாயிற்று. அவன் சட்டைப்பையிலுள்ள சிறு வானொலி, கொடிய உரு அருகில் வருங்கால் இரைகின்றது. ஏதோ வருகின்றது என்பது தெரியும். எது, எத்திசையில் என்பது தெரியாது. பாதி அறிவு முழு அறியாமையினும் கொடிது என்பதை அவ்வானொலி காட்டுகின்றது.

எனவே பேரினத்தை இவ்வாறு வரையறுக்கலாம்: ஆடுவோன் அறியாததையே அவனுக்கு இடராக்கி, அதனை நோக்கி அவனையே நடக்கச் செய்யும் விளையாட்டு, திகில் விளையாட்டு.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். திடுக்கிடல் வேறு, அச்சம் வேறு. ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றும் அரபுச் சொற்களின் வேறுபாடுகளை ‘அல்ஃபுரூக்’ என்னும் நூலில் ஆராய்ந்த அபூஹிலால் அல்அஸ்கரீ, ‘கவ்ஃப்’ என்பதையும் ‘ஃபஸஃ’ என்பதையும் பிரித்துக் காட்டினார். பேரொலி கேட்டாற்போல் சட்டெனத் தாக்குவது ஃபஸஃ. வரவிருக்கும் தீங்கினை எண்ணி உள்ளம் சுருங்குவது கவ்ஃப். திரையில் முகமொன்று திடீரெனப் பாய்ந்து அலறுவதை ‘ஜம்ப் ஸ்கேர்’ என்று இளைஞர் கூறுவர். அது ஃபஸஃ. அதனையே ஒரு தனி வகையாகக் கொள்வாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். எதுகை எல்லாப் பாவிலும் வருதல் போல, இவ்வுத்தி எல்லா வகையிலும் வருகின்றது. எல்லாவற்றிலும் வருவது எதனையும் பிரித்துக் காட்டாது.

இனிப் பிரிக்கும் பண்பு. அறியாததை நோக்கி நடப்பவனுடைய கையில் என்ன இருக்கிறது? இவ்வொரு வினாவே வகைகளைப் பிரிக்கும் என்பது நம் துணிபு. அதன்வழி நான்கு வகைகள் பெறப்படும்.

முதல் வகை: கருவி உண்டு, ஆனால் போதாது. இதனையே ‘சர்வைவல் ஹாரர்’ என்பர். உயிர்பிழைப்புத் திகில் எனலாம். இதன் வேர் 1989-ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் ஃபேமிகாம் கருவிக்கு வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ விளையாட்டில் காணப்படுகின்றது. கியோஷி குரொசாவாவின் அதே பெயர்ப் படத்தைத் தழுவிய அதில் ஐவர் ஒரு மாளிகைக்குள் அகப்படுகின்றனர், இறந்தவர் மீள்வதில்லை. 1992-ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து ஃபிரெடரிக் ரேனலின் ‘அலோன் இன் தி டார்க்’ வந்தது. அதன் தொடக்கத்திலேயே ஆட்டக்காரன் பரண் அறையில் நிற்கின்றான். அலமாரியைத் தள்ளிச் சன்னலை அடைக்கலாம். பெட்டியை நகர்த்தித் தரைக்கதவை மூடலாம். சண்டையிடுதலினும் தடுத்தல் நன்று என்பது அதன் முதற்பாடம். இவ்விரண்டின் வழியில் 1996-ஆம் ஆண்டில் ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் காப்காம் வெளியிட்டதே ஜப்பானில் ‘பயோஹசார்ட்’ என்றும் பிற நாடுகளில் ‘ரெசிடெண்ட் ஈவில்’ என்றும் வழங்கும் விளையாட்டு. இவ்வகையின் பெயரை உலகறியச் செய்ததும் அதுவே.

அதில் வரும் நடைபிணங்கள் மெல்ல நடப்பவை. எளிதில் விலகிச் செல்லத்தக்கவை. பின் அச்சம் எங்கே? பையில் இருக்கிறது. கதைத்தலைவி ஜில் எட்டுப் பொருள்களையே சுமக்கலாம். கிறிஸ் என்பான் ஆறே. தோட்டாக்கள் எண்ணி வைத்தவை. ஆட்டத்தை எட்டிய அளவில் பதிவு செய்துகொள்ளவும் தட்டச்சுப் பொறிக்கு ஒரு மைநாடா வேண்டும். அதுவும் அருகியே கிடைக்கும். மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணிப் பார்க்கும் இல்லத்தரசியின் கவலை இங்கே ஒவ்வொரு தோட்டாவிலும் உள்ளது. இன்று செலவிட்டால் நாளைக்கு என் செய்வது? இக்கவலை நீங்கின் இவ்வகையே நீங்கும்.

2001-ஆம் ஆண்டில் டெக்மோ நிறுவனம் வெளியிட்ட ‘ஜீரோ’ என்னும் விளையாட்டையும், அஃதாவது வட அமெரிக்காவில் ‘ஃபேடல் ஃபிரேம்’ எனப்படுவதையும், இங்கேயே வைக்க வேண்டும். அதில் ஆவிகளை எதிர்க்கும் கருவி ஒரு புகைப்படப் பெட்டி. நல்ல படச்சுருள் அரிது. ஆவி மிக அண்மையில் வரும்வரை பொறுத்துப் படமெடுத்தால்தான் தாக்கம் மிகும். வருவது ஆவியே என்றாலும், கையிருப்பின் இலக்கணம் மாறவில்லை.

இரண்டாம் வகை: கருவி போதும், ஆனால் எதிரி ஓயான். இதனை அதிரடித் திகில் எனலாம். 2005-ஆம் ஆண்டில் அதே மிகாமி இயக்கிய ‘ரெசிடெண்ட் ஈவில் 4’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே வீழ்ந்த எதிரிகளிடமிருந்து தோட்டாக்கள் கிடைக்கின்றன. படைக்கலம் விற்கும் வணிகன் ஒருவனும் வழியெங்கும் காத்திருக்கின்றான். 2008-ஆம் ஆண்டின் ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டில் விண்கலப் பொறியாளன் ஒருவன் சுரங்கக் கருவிகளால் பகையுருக்களின் உறுப்புகளைத் துண்டிக்கின்றான். அதே ஆண்டின் ‘லெஃப்ட் 4 டெட்’டில் நால்வர் கூடிச் சுடுகின்றனர், அவர்களுடைய பதற்றத்தைக் கணித்து, எதிரிகளை எப்போது, எத்துணை அனுப்புவது என்று கணினியே முடிவு செய்கின்றது. ‘இவை அச்சம் தரவில்லை, ஆகவே தாழ்ந்தவை’ என்பார் கூற்று பொருந்தாது. முதல் வகையில் அச்சம் கவலையாகப் பிறக்கின்றது. இரண்டாம் வகையில் நெருக்கடியாகப் பிறக்கின்றது. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் திறனாய்வாளர்க்கு அழகன்று.

மூன்றாம் வகை: கருவி இல்லை, காலே துணை. 1995-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ‘கிளாக் டவர்’ இதன் முன்னோடி. பெருங்கத்தரிக்கோல் ஏந்தித் துரத்துவோனிடமிருந்து ஜெனிஃபர் என்னும் சிறுமி ஓடலாம், ஒளியலாம். அவனை எதிர்த்து நிற்கத்தக்க படைக்கலம் அவளிடம் இல்லை. 2010-ஆம் ஆண்டில் சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ இவ்வகையை முழுமை பெறச் செய்தது. இருளில் நின்றால் தலைவனின் மனம் தளர்கின்றது. விளக்கை ஏற்றினால் எண்ணெய் குறைகின்றது, பகையும் அவனைக் கண்டுகொள்கின்றது. அப்பகையை நோக்கினாலோ மனம் மேலும் குலைகின்றது. இங்கே பார்த்தலுக்கே விலை உண்டு. 2013-ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வந்த ‘அவுட்லாஸ்ட்’ விளையாட்டில் செய்தியாளன் ஒருவன் வீடியோ கேமரா ஒன்றை மட்டும் ஏந்தி மனநோய் விடுதிக்குள் நுழைகின்றான். இருளில் காண அக்கேமரா உதவும். ஆனால் மின்கலம் தீரும். அவனைத் துரத்துவோர் பெரும்பாலும் மனிதரே.

எல்லைக்கண் நிற்பனவும் உண்டு. 2014-ஆம் ஆண்டின் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ ஆட்டக்காரனுக்குத் தீயுமிழும் கருவி தருகின்றது, அது துரத்தும் உயிரை விரட்டுமேயன்றிக் கொல்லாது. கொல்ல இயலாமை தலைமைப் பண்பாதலின், அதனை முதல் வகையின் சாயல் கலந்த மூன்றாம் வகை என்று கொள்வோம். 2020-இல் வெளிவரத் தொடங்கிய ‘ஃபாஸ்மோஃபோபியா’ நால்வர் வரை கூடி ஆடுவது. ஆட்டக்காரர் பேசும் குரலையும் ஆவி கேட்கும். அவர்கள் கையிலுள்ளவை வெப்பமானி முதலிய அறியும் கருவிகள்; அழிக்கும் கருவிகள் அல்ல. ஆகவே அதுவும் மூன்றாம் வகையே. எத்தனை பேர் ஆடுகின்றனர் என்பது வகையைப் பிரிக்கும் பண்பாகாது. தனி மனிதரின் உயரமும் நிறமும் போன்ற புறப்பண்பே.

நான்காம் வகை: கருவியும் இல்லை, காலும் இல்லை. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்காட் காதன் படைத்த ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்’ இவ்வகையின் புகழ்பெற்ற சான்று. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை ஓர் உணவகத்தைக் காக்கும் காவலன் தன் அறையை விட்டு எழ இயலாது. கரடி, முயல், கோழி, நரி வடிவப் பொறிப்பொம்மைகள் இரவில் நடமாடுகின்றன. கேமராவில் பார்த்தால் மின்சாரம் செலவாகும், கதவை மூடினால் செலவாகும், விளக்கிட்டாலும் செலவாகும். தீர்ந்தால் இருள். ஓடுபவனுக்கு ஓட்டமே ஓர் ஆறுதல். அமர்ந்திருப்பவனுக்கு அதுவும் இல்லை. பொம்மைகளின் வடிவத்தை மட்டும் கண்டு இது மழலையர்க்கு உரியது என்று முடிவு செய்வோர், உருவத்தால் வகுக்கும் முறையின் தவற்றுக்கு ஆளாவர்.

இங்கே ஒரு வினா எழும். ‘சைக்கலாஜிக்கல் ஹாரர்’ எனப்படும் உளவியல் திகிலை ஐந்தாம் வகையாக ஏன் கூறவில்லை? அது வகையன்று, பொருள் என்பதே நம் விடை. வெண்பா, ஆசிரியப்பா என்பன வடிவத்தால் வந்த பெயர்கள். அகம், புறம் என்பன பொருளால் வந்த பெயர்கள். வெண்பாவில் அகமும் பாடலாம், புறமும் பாடலாம். நம் இலக்கியத்திலும் வினாவிடையாகிய வடிவத்தால் மசலா பெயர் பெற்றது. போராகிய பொருளால் படைப்போர் பெயர் பெற்றது. வெண்பா, ஆசிரியப்பா, அகம் என்று மூன்றையும் ஒரே வரிசையில் எண்ணினால் மாணவனும் நகைப்பான். உயிர்பிழைப்பு, அதிரடி, உளவியல், நாட்டார் திகில் என்று ஒரே மூச்சில் அடுக்குவோர் அதனையே செய்கின்றனர்.

2001-ஆம் ஆண்டின் ‘சைலண்ட் ஹில் 2’ இதனைத் தெளிவாக்கும். இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததெனக் கொண்டு ஜேம்ஸ் என்பான் ஓர் ஊருக்கு வருகின்றான். அங்கே அவனை எதிர்ப்படும் உருக்கள் அவனுடைய குற்றவுணர்வின் நிழல்கள். பொருளால் அது உளவியல் திகில். அவன் கையில் இருப்பனவோ ஆணி பதித்த மரப்பலகையும் கைத்துப்பாக்கியும் பிறவும்; வடிவத்தால் அது முதல் வகை. இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல. இனி, 2002-ஆம் ஆண்டின் ‘எடர்னல் டார்க்னஸ்’ ஒருபடி மேலே சென்றது. கதைமாந்தரின் மனம் தளருங்கால், தொலைக்காட்சியின் ஒலி தானே குறைவது போலவும், பதிவு செய்து வைத்தவை அழிவது போலவும் நடித்து, நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரனையே அது ஏமாற்றிற்று.

தொடரின் பெயரும் வகையைக் காட்டாது. ரெசிடெண்ட் ஈவில் என்னும் ஒரே பெயரின் கீழ் 1996-இல் வந்தது முதல் வகை. 2005-இல் வந்தது இரண்டாம் வகை. 2017-இல் வந்த ஏழாம் விளையாட்டு, காணும் கோணத்தை ஆட்டக்காரனின் கண்ணாகவே மாற்றி, மீண்டும் முதல் வகையை நாடிற்று. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் எல்லாரும் ஒரே குணத்தினர் ஆவரோ?

நிற்க. நம்மிடம் வந்த தந்தைக்கு நாம் கூறியது இதுதான். “தம்பி, உள்ளே என்ன வருகிறது என்று மட்டும் பார்த்தீர்கள். உங்கள் மகனின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தோட்டா நிறைந்த துப்பாக்கி இருந்தது. ஆகவே பேய் அவனுக்கு இலக்கு ஆயிற்று. உங்கள் பிள்ளையைத் துரத்தியவன் மனிதன்தான். ஆனால் இவன் வெறுங்கையன். ஓடிக் களைத்தவன் எப்படி உறங்குவான்?”

இதனால் இரண்டாம் வகை சிறுவர்க்கு ஏற்றது என்று நாம் கூறினோம் எனக் கொள்ளற்க. குருதியும் கொடுமையும் அதில்தான் மிகுதி. நன்றாக உறங்குகின்றான் என்பது, பார்க்கத்தக்கதைப் பார்த்தான் என்பதற்குச் சான்றாகாது. அமெரிக்காவில் 1994 முதலும் ஐரோப்பாவில் 2003 முதலும் வழங்கிவரும் வயதுக் குறியீடுகளைப் பெற்றோர் முதற்கண் நோக்குதல் வேண்டும். எனினும் ஆடுவோன் எத்துணை ஏதிலியாக நிறுத்தப்படுகின்றான் என்பதை அட்டையிலுள்ள ஓர் எண் முழுதும் உணர்த்த வல்லதன்று. அதற்கு மூன்று வினாக்கள் உதவும். அவனுக்கு மறைக்கப்படுவது யாது? அவன் கையில் இருப்பது யாது? கதையின் பொருள் யாது? முதல் வினா பேரினத்தையும், இரண்டாம் வினா வகையையும், மூன்றாம் வினா உள்ளடக்கத்தையும் காட்டும். மூன்றுக்கும் விடை காணப் பிள்ளையின் அருகில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும்.

அவரும் அமர்ந்தார். ஒரு வாரம் கழிந்து வந்தவர், “மகன் என்னிடமே ஆடக் கொடுத்துவிட்டான், ஹஜ்ரத். ஒரு கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அவன்தான் திறந்தான், திறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். ‘இது இப்போது வேண்டாம் வாப்பா’ என்று அவனே சொல்லிவிட்டான்” என்றார். தடை விதித்த நாளில் கிடைக்காத விடை, உடனிருந்த நாளில் கிடைத்தது.

நாம் வகுத்த இந்நான்கும் முடிந்த முடிபு என்று கூறத் துணியோம். இவற்றுள் அடங்காத விளையாட்டு ஒன்று நாளையே தோன்றலாம். அவ்வாறு ஒன்றினை அறிந்த அன்பர்கள், இளைஞர்களாயினும் தயங்காது எழுதுவார்களாக. வரையறையின் வேலியைத் திருத்தி நடுதல் நமக்கு மகிழ்ச்சியே.